மனசா, மூளையா... யார்மேல் கோபப்படுவது?

என் பெரியப்பா கூட்டுறவு வங்கியில் 34 வருஷம் கேஷியராக இருந்தவர். சாயங்காலம் கணக்கு முடிக்கும்போது 50 பைசா இடித்தால்கூட, அது எங்கே போனது என்று கண்டுபிடிக்காமல் வீட்டுக்கு வர மாட்டார். மாமா வீட்டுக் கல்யாணத்தில் மொய் நோட்டை அவரிடம் கொடுத்துவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி.

அப்படிப்பட்டவர் 61-வது வயதில், தெருமுனை அண்ணாச்சி கடையில் கண்ணாடி ஜாடியைத் திறந்து கடலை மிட்டாயை எடுத்துத் தின்றுவிட்டு, காசு கொடுக்காமல் நடந்து வந்தார். முதல் தடவை மறதி என்றார்கள். மறுநாளும் அதே. அதற்கு மறுநாள் இரண்டு. அண்ணாச்சி தயங்கித் தயங்கிப் பெரியம்மாவிடம் சொன்னபோது, பெரியம்மா கடை வாசலிலேயே அழுதுவிட்டாராம்.

அது ஆரம்பம்தான். பங்காளி வீட்டுச் சாவில் எல்லோரும் அழுதுகொண்டிருக்க, இவர் பந்தல் ஓரத்தில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தார். பேத்தியின் தட்டில் இருந்த ஜாங்கிரியைப் பிடுங்கித் தின்றார். குழந்தை அழுதது, இவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மழையோ வெயிலோ, தினமும் நாலு மணிக்கு ஒரே பாதையில் பஸ் ஸ்டாண்டு வரை நடந்து திரும்பினார். யார் வழிமறித்தாலும் தள்ளிவிட்டுப் போனார்.

ஒருநாள் விடியற்காலை, பெரியம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். எழுந்திருக்க முடியாமல் கூப்பிட்டிருக்கிறார். பெரியப்பா வந்து எட்டிப் பார்த்தார். “காபி போடலையா?” என்று கேட்டுவிட்டு, திரும்பிப் போய் ஊஞ்சலில் உட்கார்ந்துகொண்டார்.

பெரியம்மாவுக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது. ஆனால் மாவுக்கட்டோடு அவர் அழுதது அந்த வலிக்காக இல்லை.

ஆளுக்கொரு காரணம் சொன்னோம். ரிட்டயர்மென்ட் பணம் வந்ததும் திமிர் வந்துவிட்டது என்றார் அண்ணன். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றார் அத்தை. குணசீலம் கோயிலில் 48 நாள் தங்க வைத்துப் பார்க்கலாம் என்றார் இன்னொருவர். “அவரு மனசு கல்லாயிருச்சு” என்றார் பெரியம்மா. மூளையில் ஏதோ கோளாறு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஏன் தோன்றும்? நேற்று என்ன குழம்பு, பாஸ்புக்கில் எவ்வளவு பாக்கி, 1983 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் இந்தியா எத்தனை ரன் எடுத்தது... எல்லாம் டக் டக்கென்று சொல்வார். மூளை நன்றாகத்தானே வேலை செய்கிறது!

கிட்டத்தட்ட ஒரு வருஷம் கழித்துத்தான் திருச்சியில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் போனோம். எம்.ஆர்.ஐ. படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டி, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதியைப் பேனா முனையால் தொட்டுக் காட்டினார். அங்கே மூளை சுருங்கி, மடிப்புகளுக்கு இடையில் கறுப்பாக இடைவெளி விழுந்திருந்தது. ‘ஃப்ரான்டோ டெம்பொரல் டிமென்ஷியா’ என்றார்.

பெரியம்மா அந்தப் பெயரைக் கேட்கவே இல்லை. வேறொன்று கேட்டார்.

“அப்ப அவரு மனசு மாறலையா டாக்டர்? மூளைதான் கெட்டுப்போச்சா?”

மருத்துவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்படியும் சொல்லலாம்மா” என்றார். தீராத நோய் என்ற செய்தியைக் கேட்டுவிட்டு, ஒன்றரை வருஷத்தில் முதல்முறையாகப் பெரியம்மா முகம் தெளிந்ததை அன்றைக்குப் பார்த்தேன். அந்தத் தெளிவு என்னை இன்றுவரை விடவில்லை.

கை எங்கே போகிறது?

‘என் மனசுக்குத் தெரியும்’ என்று சொல்லும்போது உங்கள் கை எங்கே போகிறது என்று கவனியுங்கள். நெஞ்சுக்குப் போகும். ‘மூளை இருக்கா உனக்கு?’ என்று கேட்கும்போது விரல் நெற்றிப்பொட்டுக்குப் போகும். மூளை இல்லாதவன் என்றால் முட்டாள். மனசே இல்லாதவன் என்றால் ஈரமில்லாதவன். நம் பேச்சில் மூளை என்பது கணக்குப் போடுகிற இயந்திரம். பாசம், வெட்கம், இரக்கம், பயம் எல்லாம் மனசின் இலாகா.

இது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் இல்லை. பழைய எகிப்தியர்கள் மம்மி செய்யும்போது இதயத்தை உடலுக்குள்ளேயே பத்திரமாக விட்டுவைத்தார்கள். மூளையை மூக்கு வழியாகக் கொக்கி போட்டு எடுத்துத் தூக்கி எறிந்தார்கள். மறுமைக்குப் போகிறவனுக்கு அது எதற்கு என்ற எண்ணம்.

ஆனால் வெட்கமும் இரக்கமும் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் சதையைச் சார்ந்தவை என்பதற்கு 1848-லேயே ஒரு சாட்சி கிடைத்துவிட்டது. பெரியப்பாவின் ஸ்கேனைப் பார்த்த பிறகு நான் தேடித் தேடிப் படித்தது அந்த மனிதரைப் பற்றித்தான்.

பெயர் ஃபினியஸ் கேஜ். அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில் ரயில் பாதை போடும் கூட்டத்துக்கு மேஸ்திரி. வயது 25. பாறையில் துளை போட்டு, வெடிமருந்து நிரப்பி, இரும்புக் கம்பியால் இடித்து இறுக்குவது வேலையின் ஒரு பகுதி. செப்டம்பர் 13 அன்று மாலை கம்பி பாறையில் உரசித் தீப்பொறி பறந்தது. மூன்றரை அடிக்கு மேல் நீளமும் ஆறு கிலோ எடையும் கொண்ட அந்தக் கம்பி, இடது கன்னத்தின் வழியாக உள்ளே போய், கண்ணுக்குப் பின்னால் புகுந்து, உச்சந்தலையைப் பிளந்துகொண்டு வெளியே பறந்தது.

கேஜ் சாகவில்லை. மாட்டு வண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி தங்கியிருந்த விடுதிக்குப் போனார். வைத்தியரிடம் தானே நடந்ததைச் சொன்னார். ஜான் ஹார்லோ என்ற இளம் மருத்துவர் சில மாதங்களில் அவரைத் தேற்றிவிட்டார். இடது கண் பார்வை போனது. மற்றபடி பேச்சு, நடை, ஞாபகம் எல்லாம் இருந்தன.

இல்லாமல் போனது வேறு. விபத்துக்கு முன் அவர் பொறுப்பானவர், நிதானமானவர். முதலாளிகளுக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். திரும்பி வந்தவர் வாயில் கெட்ட வார்த்தை, எதிலும் அவசரம், போட்ட திட்டத்தை அடுத்த நிமிஷமே மாற்றுகிற புத்தி, கூட இருப்பவர்களிடம் மரியாதையின்மை. மேஸ்திரி வேலையைத் திருப்பித் தர முதலாளிகள் மறுத்துவிட்டார்கள். இவர் பழைய கேஜ் இல்லை என்று அவருடைய நண்பர்கள் சொன்னதாக ஹார்லோ 1868-ல் எழுதிவைத்தார்.

பாடப்புத்தகங்களில் கதை பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடும். எனக்கு முக்கியமாகப் படுவது இதற்குப் பிறகு நடந்தது. கேஜ் 1852-ல் தென் அமெரிக்காவில் உள்ள சிலி நாட்டுக்குப் போனார். அங்கே பல வருஷங்கள் குதிரைகள் பூட்டிய பயணிகள் வண்டி ஓட்டினார். விடியற்காலையில் எழுந்து குதிரைகளுக்குத் தீனி போட்டு, பயணிகளை ஏற்றி, மலைப்பாதையில் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டிய வேலை அது. கெட்ட வார்த்தை பேசும் பொறுப்பற்ற மனிதனால் ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. தினமும் ஒரே பாதை, ஒரே நேரம், ஒரே ஒழுங்கு... அந்தக் கட்டுக்கோப்பே அவரை ஓரளவு மீட்டுக்கொண்டு வந்திருக்கலாம் என்று இப்போது ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். 1860-ல் வலிப்பு வந்து சான் ஃபிரான்சிஸ்கோவில் இறந்தார். அவருடைய மண்டை ஓடும் அந்தக் கம்பியும் ஹார்வர்டு பல்கலைக்கழக மருத்துவ அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

கேஜுக்குக் கம்பி ஒரு நொடியில் செய்ததை, என் பெரியப்பாவுக்கு நோய் சத்தமில்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தது. கம்பி பட்டிருந்தால் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். ஒருவரும் திமிர் என்று சொல்லியிருக்க மாட்டோம்.

திமிர் இல்லை, நோய்

இந்த நோய் பெரும்பாலும் 45-லிருந்து 65 வயதுக்குள் தொடங்குகிறது. டிமென்ஷியா என்றாலே மறதி என்று நினைக்கிறோம். இதில் ஆரம்பத்தில் மறதி பெரிதாகத் தெரியாது. குணம் மாறும். கூச்சம் போகும். இனிப்புமேல் அடங்காத ஆசை வரும். ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வார்கள். அடுத்தவர் வலி உறைக்காது. தனக்கு ஏதோ ஆகிவிட்டது என்ற உணர்வும் இருக்காது. அதனால் தானாக மருத்துவரிடம் போக மாட்டார்கள். ஹாலிவுட் நடிகர் புரூஸ் வில்லிஸுக்கு இதுதான் என்று அவர் குடும்பம் 2023 பிப்ரவரியில் அறிவித்தபோது உலகம் கொஞ்சம் இதைப் பற்றிப் பேசியது. சிலருக்கு நடத்தை மாறுவதற்கு முன் பேச்சு குழறும், வார்த்தைகள் தொலையும். இன்றுவரை குணப்படுத்தும் மருந்து இல்லை. படபடப்பு, தூக்கமின்மை போன்றவற்றைத் தணிக்க மட்டும் மருந்து தருகிறார்கள்.

எரிந்து விழுகிற எல்லா மாமனாரையும் ஸ்கேனுக்குக் கூட்டிப் போகச் சொல்லவில்லை. சிலர் பிறவியிலேயே அப்படித்தான்! ஆனால் 55 வயது வரை ஒரு மாதிரி இருந்தவர் திடீரென்று வேறு ஆளாகிவிட்டால், சண்டை போடுவதற்கு முன் ஒரு மருத்துவரைப் பார்ப்பது நல்லது. தைராய்டு கோளாறு, பி12 குறைபாடு, எப்போதோ கீழே விழுந்து மண்டைக்குள் மெல்லக் கசிந்த ரத்தம், மூளையின் முன்பக்கம் வளரும் கட்டி ஆகியவையும் ஆளையே மாற்றிவிடும். இவற்றில் பலவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

பெரியம்மாவின் தெளிவுக்கு வருகிறேன். மூளை என்று தெரிந்ததும் கோபம் போய்ப் பரிதாபம் வந்தது. அப்படியானால் ஸ்கேனில் ஒன்றும் தெரியாமல் இருந்திருந்தால்?

ஸ்கேனில் ஒன்றும் இல்லை

என்னுடன் வேலை பார்த்த ஒருவரின் மகள், கல்லூரியில் இரண்டாம் வருஷம். ஒருநாள் காலையில் எழுந்தபோது வலது கால் நகரவில்லை. தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மூளை ஸ்கேன், முதுகுத்தண்டு ஸ்கேன், ரத்தப் பரிசோதனை... எல்லாம் நார்மல். “ஒண்ணும் இல்ல, கூட்டிட்டுப் போங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ஒன்றும் இல்லை என்ற அந்த வார்த்தைக்கு வீட்டில் கிடைத்த அர்த்தம், நடிக்கிறாள் என்பது. செமஸ்டர் பரீட்சைக்குப் பயந்து நடிக்கிறாள் என்றார் பாட்டி. காதல் விவகாரமாக இருக்கும் என்றார் சித்தப்பா. ராத்திரி தூங்கும்போது காலை நகர்த்துகிறாளா என்று அப்பாவே விழித்திருந்து பார்த்திருக்கிறார். இதை என்னிடம் சொல்லும்போது அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

மூன்றாவதாகப் போன நரம்பியல் மருத்துவர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். அவளைப் படுக்க வைத்து, வலது குதிகாலுக்கு அடியில் தன் உள்ளங்கையை வைத்து, “அழுத்தும்மா” என்றார். அழுத்த முடியவில்லை. அடுத்து, “வலது காலை விட்டுடு. இடது காலை மட்டும் மேலே தூக்கு” என்று சொல்லி, இடது காலைத் தன் இன்னொரு கையால் எதிர்த்துப் பிடித்தார். அவள் முழுக் கவனமும் இடது காலில் இருந்தபோது, செயலிழந்த வலது குதிகால் அவர் உள்ளங்கையைப் பலமாக அழுத்தியது.

சார்லஸ் ஹூவர் என்ற அமெரிக்க மருத்துவர் 1908-ல் எழுதிவைத்த சோதனை இது. முன்பெல்லாம் இதைப் பொய்யைக் கண்டுபிடிக்கிற தந்திரமாகக்கூடப் பயன்படுத்தியிருக்கிறார்கள். இவர் அப்படிச் செய்யவில்லை. அவளையே தொட்டுப் பார்க்கச் சொன்னார். “பாத்தியா, காலுக்குப் போற வயர் எல்லாம் நல்லா இருக்கு. நீ நினைச்சு அசைக்கும்போதுதான் கட்டளை போய்ச் சேரலை. இது நிஜமான பிரச்னை, சரி பண்ணலாம்” என்றார்.

இதைச் செயல்பாட்டு நரம்பியல் கோளாறு என்கிறார்கள். கம்ப்யூட்டரை வைத்துச் சொன்னால், பெட்டியில் பழுது இல்லை, அதில் ஓடும் மென்பொருளில் சிக்கல். வேண்டுமென்றே நடிப்பவர்களின் மூளையும் இவர்களுடைய மூளையும் ஒரே மாதிரி இயங்குவதில்லை என்று செயல்பாட்டை அளக்கும் ஸ்கேன்களைக் கொண்டு சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மருத்துவமனையில் நமக்கு எடுக்கும் சாதாரண ஸ்கேன் மூளையின் வடிவத்தைத்தான் காட்டும். வீட்டைப் போட்டோ எடுத்தால், உள்ளே நடக்கிற சண்டை படத்தில் விழுமா?

பிசியோதெரபியில் அவளைப் பின்பக்கமாக நடக்கவைத்தார்கள், பாட்டுக்கு அடி எடுத்துவைக்கச் சொன்னார்கள். கவனம் வேறிடத்தில் இருந்தால் கால் வேலை செய்தது. நாலு மாதத்தில் நடந்தாள். ரொம்பக் களைத்துப்போனால் இப்போதும் கொஞ்சம் இழுக்கும் என்கிறார் அவள் அப்பா.

இல்லாத கையில் வலி

ஸ்கேனில் இல்லாத வலி பொய் என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்லும் பெயர் வி.எஸ்.ராமச்சந்திரன். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி முடித்து, அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் பேராசிரியராக இருந்தவர்.

கையோ காலோ வெட்டி எடுக்கப்பட்ட பலருக்கு, இல்லாத அந்த உறுப்பு இன்னும் இருப்பது போலவே தோன்றும். அதில் அரிக்கும், வலிக்கும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் உறுப்பிழந்த சிப்பாய்களைக் கவனித்த வெயர் மிட்செல் என்ற மருத்துவர் 1871-லேயே இதற்கு ‘மாய உறுப்பு’ என்று பெயர் வைத்துவிட்டார். சிலருக்கு இல்லாத கை இறுக்கமாக மூடியபடி இருக்கும், இல்லாத நகங்கள் இல்லாத உள்ளங்கையைக் குத்தும். விரிக்கலாம் என்றால் கை இல்லையே!

ராமச்சந்திரன் ஒரு பெட்டியை எடுத்து நடுவில் நிமிர்த்தி ஒரு கண்ணாடியை வைத்தார். அவ்வளவுதான் கருவி. நல்ல கையைக் கண்ணாடிக்கு முன்னால் நீட்டிப் பார்த்தால், இழந்த கை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கை தெரியும். நல்ல கையை விரித்து மூடினால் அந்தக் கையும் விரிந்து மூடும். பார்த்துக்கொண்டிருந்த சிலருக்கு, வருஷக்கணக்கில் இறுகிக் கிடந்த மாயக் கை அந்த நிமிஷமே விரிந்தது. பத்து வருஷமாக அசையாத மாயக் கையோடு இருந்த ஒருவர், பெட்டியை வீட்டுக்கு எடுத்துப்போய் தினமும் பழகினார். மூன்று வாரத்தில் மாய முழங்கையும் அதன் வலியும் காணாமல் போயின. விரல்கள் மட்டும் தோளில் ஒட்டிக்கொண்டிருப்பது போல மிச்சம் இருந்தன. எல்லோருக்கும் இது பலன் தருவதில்லை. பின்னால் வந்த ஆய்வுகள் கலவையான முடிவுகளையே சொல்கின்றன. ஆனாலும் பலமுறை யோசித்துவிட்டேன்: அந்த வலி எங்கே இருந்தது? கையில் இல்லை, கையே இல்லை. மனப்பிரமை என்றால், வைத்தியம் பார்த்தது ஒரு கண்ணாடி.

மருந்தே இல்லாத மாத்திரைக் கதையும் இதே ரகம். 1978-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் கடைவாய்ப்பல் பிடுங்கப்பட்டவர்களுக்கு, வலி மருந்தாகவும் இருக்கலாம் என்று சொல்லி, மருந்தே இல்லாத திரவத்தை ஏற்றினார்கள். சிலருக்கு வலி குறைந்தது. வெறும் நம்பிக்கைதானே என்று விட்டுவிடாமல், ஜான் லெவினும் அவருடைய சகாக்களும் நலோக்சோன் என்ற மருந்தைச் செலுத்திப் பார்த்தார்கள். அபின் வகை மருந்துகளின் வேலையைத் தடுக்கும் மருந்து அது. குறைந்த வலி திரும்ப வந்துவிட்டது! நம்பிக்கை உடம்புக்குள்ளேயே அபினைப் போன்ற ஒரு பொருளைச் சுரக்க வைத்திருக்கிறது என்று அதற்கு அர்த்தம்.

இன்னொன்று. கையைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டே இருக்கிற ஓ.சி.டி. நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு மாத்திரையும், இன்னொரு பிரிவினருக்கு மாத்திரை இல்லாமல் நடத்தைப் பயிற்சியும் கொடுத்து, முன்னும் பின்னும் மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். 1992-ல் லூயிஸ் பாக்ஸ்டர் குழு வெளியிட்ட அந்த ஆய்வில், தேறியவர்கள் இரண்டு பிரிவிலும் இருந்தார்கள். இரண்டு பிரிவிலும் மூளையின் ஆழத்தில் ஒரே பகுதியின் கொதிப்பு அடங்கியிருந்தது. மாத்திரை மூளைக்கு, பேச்சு மனசுக்கு என்று நாம் பிரித்துவைத்திருக்கிறோம். மூளை அப்படிப் பிரித்துப் பார்க்கவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு, மனசு என்பதே மூளைதான் என்று மேசையைத் தட்டிச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. மனசு வேறு, உடம்பு வேறு என்றார் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் தெகார்த். 1643-ல் பொஹீமியா இளவரசி எலிசபெத், தன் 24-வது வயதில் அவருக்குக் கடிதம் எழுதி, உருவமே இல்லாத மனசு எப்படி உடம்பை அசைக்கும் என்று கேட்டார். தெகார்த்தால் அவரைத் திருப்திப்படுத்தும் பதிலைத் தரவே முடியவில்லை. இந்தக் காலத்திலும் நிலைமை ரொம்ப மாறிவிடவில்லை. 25 வருஷத்துக்குள் மூளையில் உணர்வு பிறக்கும் வழியைத் தெளிவாகக் கண்டுபிடித்துவிடுவோம் என்று 1998-ல் கிறிஸ்டோஃப் கோக் என்ற விஞ்ஞானி, டேவிட் சால்மர்ஸ் என்ற தத்துவப் பேராசிரியரோடு பந்தயம் கட்டினார். 2023-ல் தோற்றதை ஒப்புக்கொண்டு ஒரு பெட்டி ஒயினைக் கையில் கொடுத்தார்.

அது அறிஞர்கள் பாடு. நம் வீடுகளில் இந்தக் கேள்வியைக் கேட்பதற்குக் காரணமே வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. மனசா மூளையா என்று நாம் கேட்பது தெரிந்துகொள்வதற்காக இல்லை. இவரை மன்னிக்கலாமா, கூடாதா என்று முடிவுசெய்யக் கேட்கிறோம். மூளை என்றால் பாவம், ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்கப் போவோம். மனசு என்றால் அவர்களே இழுத்துவிட்டுக்கொண்டது, கொஞ்சம் முயற்சி செய்தால் சரியாகிவிடும் என்று அறிவுரையோடு போவோம். மனநோய்க்கும் உடல் நோய்க்கு நிகராகக் காப்பீடு தர வேண்டும் என்று நம் நாட்டில் சட்டம் வருவதற்கே 2017 ஆனது. அந்தக் கல்லூரிப் பெண்ணின் ஸ்கேனில் ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி தெரிந்திருந்தால், அவள் அப்பா ராத்திரி விழித்திருந்தது வேறு காரணத்துக்காக இருந்திருக்கும்.

யாரிடம் கேட்பது என்று தெரியாதவர்கள் 14416 என்ற எண்ணை அழைக்கலாம். டெலி மானஸ் என்ற மத்திய அரசின் இலவச மனநல உதவி எண் அது, தமிழிலும் பேசலாம்.

அது எந்தப் பக்கம்டா?

பெரியம்மாவின் தெளிவு அப்படியே நீடித்தது என்று சொன்னால் பொய். போன பொங்கலுக்குப் போயிருந்தபோது வாசலில் கரும்பை ஒடித்துக்கொண்டே கேட்டார்:

“ஏன்டா, 40 வருஷமா எனக்குக் காய்ச்சல்னு படுத்தா ஒரு வார்த்தை கேட்டதில்ல உங்க பெரியப்பா. அது மூளையில எந்தப் பக்கம்டா?”

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. நோய் எந்தத் தேதியில் தொடங்கியது, அதற்கு முன்னால் இருந்த மனுஷன் எவ்வளவு, எதை நோயின் கணக்கில் எழுதுவது, எதை அவர் கணக்கில் எழுதுவது... எந்த எம்.ஆர்.ஐ. காட்டும்? பேசாமல் இருந்தேன். அவரும் பதிலை எதிர்பார்க்கவில்லை. பெரியப்பாவுக்குச் சின்னச் சின்னத் துண்டாகக் கரும்பை நறுக்கித் தட்டில் வைத்தார். அவர் தின்று முடித்ததும் வாயைத் துடைத்துவிட்டார்.

நாலு மணி நடையை இப்போது யாரும் தடுப்பதில்லை. சட்டைப் பையில் பெயரும் போன் நம்பரும் எழுதிய சீட்டு இருக்கிறது. கேஜ் ஓட்டிய வண்டி மாதிரி தினமும் ஒரே பாதை, ஒரே நேரம். டீக்கடை, சைக்கிள் கடை, ஆட்டோ ஸ்டாண்டு என்று வழியில் இருக்கிற எல்லோருக்கும் விஷயம் தெரியும். போகும்போது அண்ணாச்சி கடையில் நிற்பார், ஜாடியைத் திறப்பார், ஒன்றோ இரண்டோ எடுப்பார், போய்விடுவார். பெரியம்மா மாதம் பிறந்ததும் 300 ரூபாயை அண்ணாச்சியிடம் கொடுத்துவிடுகிறார். அண்ணாச்சி ஒரு சின்ன நோட்டில் குறித்துவைத்து, மாதக் கடைசியில் மீதியோடு வருகிறார். பெரியப்பாவின் பழைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெரியம்மா அதைக் கூட்டிப் பார்க்கிறார்.

நான் கிளம்புகிற அன்றைக்கும் அண்ணாச்சி நோட்டோடு வந்திருந்தார். பெரியம்மா இரண்டு தடவை கூட்டினார்.

“அண்ணாச்சி, எட்டு ரூபா இடிக்குதே.”

“மிட்டாய் விலை ஏறிருச்சுக்கா, சொல்ல மறந்துட்டேன்.”

ஊஞ்சலில் இருந்த பெரியப்பா திரும்பிப் பார்க்கவில்லை. பெரியம்மா பென்சிலை எடுத்து, புது விலையை நோட்டின் மேல் ஓரத்தில் எழுதிவைத்தார்.